வெல்க்ரோ

ஏப்ரலில் ஒப்பந்தம் வந்தது.
பதினோரு ஆட்டம்,
பெட்ரோலுக்குப் போதும் போதாத சம்பளம்,
காலணி இரண்டு ஜோடி.
முட்டி போனால் யார் செலவு என்ற பத்தி மட்டும்
பொடி எழுத்தில்.
கையெழுத்துப் போட்டேன்:
லொஷினி படையாச்சி, வயது முப்பத்தொன்று,
விங் டிஃபென்ஸ்.

விங் டிஃபென்ஸ் என்றால் கோல் போடாதவள்.
போடவும் முடியாது,
வட்டத்துக்குள் கால் பட்டால் விசில்.
மைதானத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்னுடையது,
அதிலும் எங்கள் வட்டம் நீங்கலாக.
சாட்ஸ்வொர்த்தில் பிறந்தவளுக்கு இது புதிதில்லை:
எங்கே நிற்கலாம் எங்கே கூடாது என்று
இந்த நாட்டில் முதலில் கோடு போட்டவர்கள்
நெட்பால்காரர்கள் அல்ல.

மே மாதம் இரண்டு தோல்வி.
ஜூனில் ப்ளூம்ஃபொன்டெய்ன், விடிகாலை நாலு மணிப் பஸ்.
வான் ரீனன் கணவாயில் கண்ணாடி பனித்துப் போக
மார்லீஸ் அதில் விரலால் திட்டம் வரைந்தாள்,
அம்புக்குறி, வட்டம், மறுபடி அம்புக்குறி.
ஹாரிஸ்மித் வருவதற்குள் எல்லாம் வழிந்து
ஜன்னல் விளிம்பில் தேங்கியது.
ஒன்பது கோலில் தோற்றோம்.
திரும்பும்போது யாரும் கண்ணாடியைத் தொடவில்லை.

ஆடியில்
மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றும் ஞாயிறும்
ஆட்டமும் ஒரே நாளில் விழுந்தன.
வென்றோம். முதல் வெற்றி.
வியர்வைச் சட்டையைக்கூட மாற்றாமல்
ஏழு பேரும் கோயில் வாசலில் வரிசையில் நின்றோம்.
ஹ்லெங்கிவே மூன்று கோப்பை குடித்துவிட்டுச் சொன்னாள்:
"இது எங்கள் அமாஹேவுதான்.
புளிப்புதான் கொஞ்சம் பயந்திருக்கிறது."
வாளியோடு நின்ற அம்மா
அவளுக்கு நாலாவது ஊற்றினாள்.

பிறகு நடந்ததைப் பத்திரிகை
ஒன்றரை அங்குலத்தில் எழுதியது.
நான் கொஞ்சம் கூட எழுதுகிறேன்.

கடைசி ஆட்டம், வெஸ்ட்வில் உள்ளரங்கம்.
ஐம்பத்தொன்றுக்கு ஐம்பத்தொன்று.
தோற்றால் இரண்டாம் பிரிவு.
சென்டர் பாஸ் அவர்களுடையது.
அவர்களுடைய விங் அட்டாக் இடது தோளைத்தான் முதலில் அசைப்பாள்,
வலது பக்கம்தான் ஓடுவாள்.
இந்த ஒரு பொய்யைக் கண்டுபிடிக்க
நான்கு கால் பகுதி ஆகியிருந்தது எனக்கு.
பாய்ந்தேன்.
பந்து என் கையில்.

ஒன்று.
ஹ்லெங்கிவே தனியாக, கை உயர்த்தி.
இரண்டு.
மார்லீஸும் தனியாக, அவளுக்கு அப்பால், வாய் திறந்தபடி.
பருவம் முழுக்க
ஒருத்தியாவது தனியாக நிற்க மாட்டாளா என்று ஏங்கியவள் நான்.
இரண்டு பேர் நின்றார்கள்.
அந்தச் செழிப்பைப்
பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

விசில்.

பந்தைக் கீழே வைத்தது நினைவிருக்கிறது,
குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் இல்லை,
சூடான பாத்திரத்தை இறக்குவதுபோல்.
அவர்கள் போட்டார்கள். முடிந்தது.

உடை மாற்றும் அறையில் யாரும் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
ஹ்லெங்கிவே தன் ஆரஞ்சுத் துண்டில் பாதியை நீட்டினாள்,
அதை வாங்கவும் மூன்று நொடிக்கு மேல் ஆயிற்று,
அவள் சிரித்துவிட்டாள், பாவி.

திங்கட்கிழமை மருந்துக்கடையில்
இன்சுலின் வாங்க வந்த திரு. மூட்லி கேட்டார்:
"அது நீதானே?"
"நான்தான், சார். குளிர்ப்பெட்டியில் வையுங்கள்."

எழுத்துப் பட்டைகளைத் துவைக்கும் முறை
இந்த வாரம் எனக்கு.
இயந்திரத்திலிருந்து எடுத்தால்
ஏழும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன,
கோல் கீப்பரின் முதுகில் சென்டர்,
சென்டரின் இடுப்பில் நான்.
பிரிக்கப் பிரிக்க
கிழிவதுபோல் ஒரு சத்தம்; எதுவும் கிழியவில்லை.
வெல்க்ரோ முட்களில்
மார்லீஸின் வைக்கோல்நிற முடி,
ஹ்லெங்கிவேயின் பின்னலில் சேர்த்த நூல்,
என்னுடையதில் ஒன்று, நரைத்தது.

ஊசியால் எடுக்க உட்கார்ந்தேன்.
வெளியே ஹடிடாப் பறவைகள் கத்த ஆரம்பித்தன.
இரண்டை எடுத்தேன்.
மீதியை விட்டுவிட்டேன்.