போதும் என்று சொன்ன பிறகு

பள்ளத்தூரில் சாமான் அறையைத் திறந்தபோது
பதினான்கு புள்ளிக்கும் ஆள் வந்திருந்தது.
சாவி சாத்தப்பனிடம்,
பூட்டுக்கு எண்ணெய் விட்டது நான்.
உள்ளே மரப்பெட்டி, பெட்டிக்குள் வைக்கோல்,
வைக்கோலுக்குள் நாற்பத்தெட்டு மங்குத் தட்டு.
நீல விளிம்பு. சோறு தொடாத வெள்ளை.
கவிழ்த்துப் பார்த்தேன்.
ஸ்வீடன் என்று இருந்தது,
முந்தாநாள் நான் விமானம் ஏறிய நாடு.

சிரிப்பு வந்தது.
எனக்கு எண்பது வருடம் முந்திக்கொண்டு
கப்பலில் வந்து
இருட்டில் உட்கார்ந்திருக்கின்றன.

உப்சாலாவில் எங்கள் மாடிக்குக் கீழே இங்கெர்,
ஓய்வுபெற்ற பல் மருத்துவர்.
அவள் அலமாரியில் தட்டு ஆறு.
ஏழாவது ஆள் வந்தால்?
"ஒரு தட்டைக் கழுவும் வரைக்கும்
பேசிக்கொண்டிருக்கலாமே" என்றாள்.

முதல் விருந்தில்
மீன், வெண்ணெயில் புரட்டிய உருளைக்கிழங்கு.
இரண்டாம் கரண்டி வரும்போது
போதும் என்றேன், நம் ஊர் முறைப்படி.
போதும் என்றால்
இன்னும் இரண்டு தரம் கேட்க வேண்டும்,
மூன்றாம் தரம் கேட்காமலே வைக்க வேண்டும்.
கரண்டி நின்றுவிட்டது.
கிண்ணத்துக்கு மூடி போட்டாள்.
அன்றிரவு என் அறையில்
காய்ந்த ரொட்டியைப் பிய்த்துத் தின்றேன்,
சொன்ன சொல்லை அப்படியே நம்பிய ஒருத்தியை
நினைத்துக்கொண்டு.

லாகோம் என்று ஒரு வார்த்தை கற்றுக் கொடுத்தாள்.
கூடவும் இல்லை, குறையவும் இல்லை.
பழைய படகுக்காரர்கள்
ஒரே கொம்பை வட்டமாய்க் கைமாற்றிக் குடிப்பார்களாம்,
கடைசி ஆளுக்கும் மிஞ்சுகிற மாதிரி ஒரு மடக்கு,
அதன் பேராம் அது.
"பொய்க்கதைதான்.
ஆனால் எல்லோரும் சொல்வோம்."

துணி துவைக்கும் அறைக்குப் பேர் எழுதி வைக்க வேண்டும்.
எனக்குச் செவ்வாய், நான்கிலிருந்து ஏழு.
ஏழு அடித்தால் ஈரத்தோடு வெளியே.
யாரும் யாரையும் திட்டியதில்லை.
நவம்பரில் மூன்று மணிக்கே இருட்டும்போது
சன்னலில் ஒரு விளக்கு வைப்பார்கள்,
தெருவில் போகிற முகம் தெரியாதவனுக்கும் சேர்த்து.
இங்கெரின் மகன்
வருடத்துக்கு இரண்டு முறை வருவான்.
போதுமா என்று கேட்டேன்.
அதற்கு மட்டும்
காபி ஆறும் வரை அவள் ஒன்றும் சொல்லவில்லை.

நாற்பத்தெட்டைப் பதினான்கால் வகுத்தால்
ஆளுக்கு மூன்று, மீதி ஆறு.
அந்த ஆறுக்கு ஒரு மணி நேரச் சண்டை.
சீட்டுக் குலுக்கலாம் என்றார் ஒருவர்.
காரைக்குடி பழஞ்சாமான் கடையில்
நல்ல விலை போகும் என்றார் இன்னொருவர்.
முதலில் குரலை உயர்த்தியது,
சொல்ல வெட்கமாய் இருக்கிறது,
லாகோம் படித்துவந்த நான்.
"எங்க வழிச் சீர்ல வந்த பெட்டி இது!"
ஆதாரம் ஒன்றும் இல்லை.
வளவில் என் குரலே எனக்குத் திரும்பி வந்தது.

படம் எடுத்து இங்கெருக்கு அனுப்பினேன்.
அழகு, என்று பதில்.
கொஞ்சம் கழித்து,
ஒருவர்கூட இதில் சாப்பிட்டதில்லையா, பாவம்.
தட்டைச் சொன்னாளா, எங்களையா.

சிகப்பிதான் எழுந்தாள்.
மீதி ஆறையும் இடுப்பில் அணைத்துக்கொண்டு
இரண்டாம் கட்டுக் குழாயடிக்குப் போனாள்.
"மொதல்ல பசியாறுவோம்.
அப்புறம் அடிச்சுக்கலாம்."
வெள்ளைப் பணியாரம், வரமிளகாய்த் துவையல்.
ஆறு பேர் உண்ண, எட்டுப் பேர் சுற்றி நின்று
வழக்கைத் தொடர்ந்தார்கள்.
சாத்தப்பன் கைதவறிப் போட்டதில்
ஒரு விளிம்பு பெயர்ந்து கருப்பாய்ப் பொட்டு விழுந்தது.
அடடா என்றார்கள். மென்றுகொண்டே.

என் முறை வந்தது.
நாலாவது பணியாரத்தில் போதும் என்றேன்.
நிஜமாகவே வயிறு நிறைந்திருந்தது.
சிகப்பி காதில் வாங்கவில்லை,
கரண்டி வந்துகொண்டே இருந்தது.
தட்டின் மேல் கையைக் குறுக்கே வைத்தேன்,
விரல் இடுக்கை நன்றாகவே விட்டு.