சாய்கோடு

மூஸ் ஜாவிலிருந்து தெற்கே ஐம்பது நிமிடம்,
கடைசி எட்டு மைல் சரளை.
வானின் பின்னால் கொம்பிரசர் குலுங்கி வருகிறது.
மணல் மூட்டை இரண்டு, ரப்பர்த் தாள் ஒரு சுருள்.
வேலை: ஒரே ஒரு கோடு.

பருப்பு வயலுக்குள் இடுப்புயரக் கல்.
நாற்பத்திரண்டு நவம்பரில்
பயிற்சி விமானம் மூக்குக்குத்தி விழுந்த இடம்.
ஓட்டியவன் நோர்வேக்காரன், வயது இருபது.
ஊர் ஜேர்மன்காரன் பிடியில் இருந்ததால்
சாவுச் செய்தி வீடு போய்ச் சேர
இரண்டரை வருடம்.

கல்லை நட்டது அரசாங்கமில்லை.
வயற்காரர் டுமிட்ரு மொல்டோவான்.
படைமுகாம் கொடுத்த தாளைப் பார்த்து
எழுத்துக்கு எழுத்து வெட்டச் சொன்னார்.
முகாமின் தட்டச்சுப் பொறியில்
அந்தக் கோடு இல்லை.

போன கோடையில் அவன் தங்கையின் பேத்தி வந்தாளாம்.
பெயரின் இரண்டாம் எழுத்தில் விரலை வைத்து,
வட்டத்தின் குறுக்கே, கீழிருந்து மேலே,
சாய்வாக ஒருமுறை இழுத்தாளாம்.
வேறொன்றும் சொல்லவில்லையாம்.
மறுநாளே மொல்டோவானின் பேரன் பெண்டாட்டி டார்லீன்
பட்டறைக்குப் போன் எடுத்தாள்.

எழுத்துக்கு நாற்பது டொலர்.
கோட்டுக்குப் பட்டியலில் விலை கிடையாது.
முதலாளி தலையைச் சொறிந்தார்.
நான் வாய் திறக்கவில்லை.
புள்ளி உதிர்ந்தால்
கல் 'கல' ஆகிவிடும் மொழிக்காரன் நான்.
என் வங்கி அட்டையில்
அப்பா கதிர்காமத்தம்பி
பதினோராம் எழுத்தில் மூச்சு நின்றுபோயிருக்கிறார்.

காற்று. இங்கே எப்போதும் காற்று.
தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன்.
எவ்வளவு சாய்வு?
நோர்வேயிலிருந்து படம் அனுப்பியிருந்தார்கள்,
அவன் பள்ளிக் கொப்பி, முதற்பக்கம்.
கோடு வட்டத்தைத் தாண்டி
இருபுறமும் துருத்திக்கொண்டிருந்தது.
அவசரக்காரன்.
அப்படியே வெட்டினேன்.
நாலு நிமிடம் மணல் சீறியது.

டார்லீன் சொல்லிப் பார்த்தாள்:
ரோய்ஸ்லாண்ட். ரூய்ஸ்லாண்ட்.
உதடு குவிய மறுத்தது.
"இவ்வளவு காலமும் வேற ஆரையோ கூப்பிட்டிருக்கிறம்,"
என்று என் தமிழில் அவள் சொன்னதுபோல் கேட்டது.
அறுவடை இயந்திரம் கல்லை வளைந்துதான் போகும்.
சுற்றிலும் விட்ட பருப்பு தானாக முற்றி உதிரும்.
வீட்டில் அதை 'அவன் பங்கு' என்பார்களாம்.

காசோலையோடு ஒரு வாளி மைசூர்ப் பருப்பும் தந்தாள்,
மில்லுக்குப் போகாதது.
முகாமில் எங்களுக்கு
ஆளுக்கு இத்தனை கிராம் என்று அளந்தது இதைத்தான்.
சாக்கில் கனடா என்றிருந்தது.
அம்மா சாக்கை உதறிப் பாயாக விரித்தாள்.

இரவு தட்டில் பரப்பிப் பொறுக்கினேன்.
ஒரு கல் வந்தது, உளுந்தளவு, கறுப்பு.
குப்பையில் போடக் கை வரவில்லை.
யன்னல் விளிம்பில் வைத்தேன்.

சுபத்திரா பார்த்தாள்.
ஆருக்கென்று கேட்கவில்லை.
அவளுக்கும் ஒரு தம்பி இருந்தான்.

விளக்கை அணைக்குமுன்
அதைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்,
காற்றுப் படாத பக்கமாக.