ஐந்து நிமிஷம், படமெடுக்க

குடை விற்பதில்லை நான்.
அது எதிர்க்கடை.
இங்கே வரைபடம் இலவசம், படகுச் சீட்டுக்குக் காசு.
மழை எப்போது விடும் என்று கேட்பவர்களுக்குப்
பதினோரு வருஷமாக ஒரே பதில்:
மதியத்துக்கு மேல்.
எந்த மதியம் என்று யாரும் கேட்டதில்லை.

வால்டிவியாவுக்கு வருகிறவர்கள்
முதலில் பார்ப்பது கடற்சிங்கங்களை.
மீன் சந்தையின் பின்படிகளில் அவை
வட்டிக்கு விட்டவர்கள் போல் புரண்டு கிடக்கும்.
யாராவது ஒரு தலையோ வாலோ வீசியாக வேண்டும்.
"தொடலாமா?"
தொடலாம்,
பத்தும் வேண்டும் என்று விரல்களை எண்ணி வைத்திராவிட்டால்.

பிறகு ஒப்பிப்பேன்.
கயாக் என்றால் தேஹா தீவுப் பாலத்தடி,
அங்கிருந்து நாணல்வரை துடுப்புப் போடலாம்.
சைக்கிள் என்றால் தாவரத் தோட்டம், சேறு உறுதி.
பஸ் பிடித்தால் நியெப்லா கோட்டை:
பீரங்கிகள் இன்னும் கடலைப் பார்த்தபடி,
யாரைச் சுட வந்தோம் என்பது மறந்து.
கண்ணை மூடிக்கொண்டும் சொல்வேன்.
போனதில்லை, ஒன்றுக்கும்.
ஞாயிறும் சீட்டுக் கிழிப்பவளுக்கு
எது ஞாயிறு?

ஜூனில் ஒரு செவ்வாய்.
தூறலாய்த் தொடங்கிச் சாரலாய்ச் சாய்ந்து
அடைமழையாய் உட்கார்ந்துவிட்டது.
நாலு சீட்டு எடுத்த சந்தியாகோ குடும்பம்
ஓட்டலிலிருந்தே போனில் கழன்றுகொண்டது.
எலெயுதேரியோ இஞ்சினை அணைக்கவில்லை.
"சூடாகிவிட்டது, நெலிதா.
அணைத்தால் இன்றைக்கு மறுபடி கிளம்பாது. ஏறு."

நாற்பத்தாறு நாற்காலி. நாற்பத்தைந்து காலி.
கைக்கெட்டும் தூரத்திலிருந்த என்னிடம்
ஒலிபெருக்கியில் முழங்கினார்:
"சீமான்களே! சீமாட்டிகளே!"
"எதற்குக் கத்துகிறாய்?"
"இது வாயருகே இல்லாவிட்டால்
எனக்கு ஒன்றும் ஞாபகம் வராது."

நகரம் தன் முதுகைக் காட்டியது.
துருப்பிடித்த கூரைகள், கொடியில் எடுக்க மறந்த சட்டைகள்,
என் பல் டாக்டரின் சன்னல்,
அதில் நின்று அவர் ஏதோ தின்றுகொண்டிருந்தார்.
ஒரு திருப்பம். நகரம் இல்லை.

"அறுபதில் பூமி குலுங்கியபோது, சீமாட்டி,
இங்கே நிலம் இறங்கியது, ஆறு ஏறியது.
நீங்கள் மிதப்பது ஒரு மேய்ச்சல் வெளிமேல்."
எட்டிப் பார்த்தேன்.
தேயிலைச் சாயத்தில் தண்ணீர்.
வேலிக் கம்பங்கள் இரண்டு,
எதையும் அடைக்காமல்.

அப்புறம் அன்னங்கள்.
கழுத்து மட்டும் கறுப்பு,
மைப்புட்டிக்குள் தலைவிட்டு எடுத்தாற்போல.
பாலையும் நீரையும் பிரிக்கிற வேலையெல்லாம் இவற்றுக்குக் கிடையாது.
உப்பும் நன்னீரும் ஒன்றாய்க் கலக்கும் இடத்தில்
பாசி பிடுங்கித் தின்று
அதையே குடிக்கின்றன.

"ஐந்து நிமிஷம், படமெடுக்க," என்று
இஞ்சினைத் தணித்தார்.
என்னிடம் கேமரா இல்லை.
போன், கடையில் சார்ஜில்.
ஆனாலும் அவர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.
அந்த ஐந்து நிமிஷத்தை
அவரால் யாருக்கும் குறைக்க முடியாதாம்.

மழை கூரைமேல் வேறு சத்தம், ஆற்றின்மேல் வேறு சத்தம்.
ஒரு அன்னத்தின் முதுகில் குஞ்சு இருந்தது,
இருந்ததா, இறகுதானா.
கேட்கலாம் என்று திரும்பினால்
அவர் ஒலிபெருக்கியை மடியில் வைத்துக்கொண்டு
வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்,
தினம் மூன்று முறை வருகிற மனிதர்.

திரும்பும்போது தூரத்தில்
மஞ்சளாய் ஒரு தீப்பெட்டி தெரிந்தது.
"அது என்ன?" என்று கேட்டுவிட்டேன்.
"உன் கடை."

கடைவாசலில் சொட்டச் சொட்ட ஒரு டேனிஷ்காரர்,
சைக்கிளைப் பிடித்துக்கொண்டு:
"படகு எப்படி? போகலாமா?"
பதினோரு வருஷத்துப் பதில் நாக்கு நுனியில்தான் இருந்தது.
"வேலிக் கம்பம் இருக்கிறது," என்றேன்.
"இரண்டு."
என்ன நினைத்தாரோ, சீட்டு வாங்கினார்.
மீதிச் சில்லறை கூடப் போய்விட்டது.
எண்ணிப் பார்த்துத் திருப்பித் தந்தார்.

சந்தைப் பக்கம் ஒரு சிங்கம் தும்மியது.