மேலே கொண்டுபோய்ப் போட்டவை

சேலத்து வீட்டில் எது வேண்டாமென்று ஆனாலும்
எங்கள் வாயில் ஒரே பேச்சுதான்:
மேலே கொண்டுபோய்ப் போட்டுடலாம்.

கால் ஆடும் மேசை மேலே போனது.
ஒரே வேகத்தில் மட்டும் ஓடும் மின்விசிறி,
கல்யாணத்துக்கு யாரோ தந்த பன்னிரண்டில்
மிஞ்சிய ஒன்பது கண்ணாடித் தம்ளர்,
மாமனாரின் வாக்கர்,
இளவேனில் பாதியில் விட்ட கீபோர்டு,
சூரமங்கலத்து வெயிலில் பார்த்தாலே வேர்க்கும் கம்பளி,
எல்லாம் பின்சீட்டில் உட்கார்ந்து
இருபது கொண்டை ஊசி வளைவையும்
வாந்தி எடுக்காமல் ஏறின.
நான்தான் ஒன்பதாவதில் எடுப்பேன்.

ஏற்காட்டு வீட்டுக்கென்று
புதிதாக நாங்கள் வாங்கியது
ஒரு பூட்டு.

இப்போது விற்க வேண்டும்.
ஏறி வர எனக்கு முட்டி இல்லை,
ஓட்டி வர அவர் இல்லை.
தரகர் செபஸ்தியான் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டார்:
"சாமான் இருந்தா வீடு சின்னதாத் தெரியுங்க மேடம்.
வர்றவங்க அவங்க சோபாவை
மனசுல போட்டுப் பாக்க இடம் வேணும்ல."
கொண்டுபோய்ப் போட
இதற்கு மேலே மலை இல்லை.

புனேயிலிருந்து மகள், வீடியோவில்:
மூணு குவியல் அம்மா.
வைக்கணும், குடுக்கணும், வீசணும்.
ஒவ்வொண்ணுக்கும் பத்தே செகண்ட்.
பத்து செகண்டில் நான்
அலமாரிக் கதவோடு மல்லுக்கட்டி முடித்திருக்க மாட்டேன்,
ஈரத்தில் உப்பிக் கிடக்கிறது.
உள்ளே பூஞ்சை,
செருப்புக்கும் சாமி படத்துக்கும் பேதம் பார்க்காமல்.
இரண்டே நாளில் நான்காவதாய் ஒரு குவியல்
தானாக வளர்ந்தது.
அதன் பெயர் நாளைக்கு.

ரிமோட்டை வீசும் சாக்கில் போட்டேன்.
தயங்காமல்தான் போட்டேன்.
டிவி போய் ஆறு வருடம்,
அவர் போய் இரண்டு.
பாலிதீன் உறை, மேலே ரப்பர் பேண்டு
இளகிப் பிசினாகியிருந்தது.
ஒலி கூட்டும் பொத்தானைத் தேய்த்தது அவர்,
காது நல்லாத்தான் கேக்குது என்று சொல்லிக்கொண்டே.
குறைக்கும் பொத்தானைத் தேய்த்தது நான்.
இரண்டிலும் குறி அழிந்து
எது எதுவென்று தெரியாது.

பின்பக்கம் சாக்கைச் சாய்த்துவிட்டு
டீ போடப் போன நேரம் குரங்கு வந்தது.
கீபோர்டைத் தட்டவில்லை, தம்ளரை உடைக்கவில்லை.
உறையோடு ரிமோட்டை எடுத்துக்கொண்டு
மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக்கில் ஏறிவிட்டது.

அப்புறம் நடந்ததை இளவேனிலிடம் சொல்லவில்லை.
முட்டி தேய்ந்துவிட்டதென்று டாக்டரிடம் அழுதவள்
ஒரு காலில் செருப்போடு
காப்பிச் செடிகளுக்குள் ஓடினேன்.
குடுடா, குடு சாமி, என்று கெஞ்சினேன்.
பிஸ்கெட் காட்டினேன். பிஸ்கெட்டும் போச்சு.
டெம்போ கொண்டுவந்த ஜபருல்லா
பதறிப்போய்க் கல்லெடுத்தார்.
"செல்போனாம்மா?"
இல்லை.
"நகையா?"
எறியாதீங்க, பட்டுடப் போகுது, என்றேன்.
குரங்கைச் சொன்னதாக நினைத்துக்கொண்டார்.

அது உறையைப் பல்லால் கிழித்தது,
முகர்ந்தது,
கட்டைவிரலால் எதையோ அழுத்தி
எங்கள் பக்கம் நீட்டியது.
கூட்டியதா குறைத்ததா, யார் கண்டது.
சில்வண்டு அதே சத்தத்தில்தான் கத்திக்கொண்டிருந்தது.

அலுத்துப்போய்க் கடைசியில் கீழே விட்டது.
புதருக்குள் விளக்குவைக்கும் நேரம்வரை தேடியதில்
பேட்டரி மூடி கிடைத்தது.
அது எந்தக் குவியல் என்று
யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் ஜபருல்லா ஒரே நடையில்
எல்லாவற்றையும் அடிவாரத்துக்கு இறக்கிவிட்டார்.
செபஸ்தியான் வந்து அறை அறையாக நடந்தார்.
அவர் பேசிய ஒவ்வொன்றும்
சுவரில் பட்டு இரண்டாகத் திரும்பியது.
"இப்பப் பாருங்க, எவ்ளோ பெருசு."

ஆமாம் என்றேன்,
கொஞ்சம் சத்தமாகவே.