பற்று

நூற்றாண்டு விழாவுக்கு ஆறு வாரம்.
கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க
பழைய ஏடு ஒன்று வேண்டும் என்றார்கள்.
ஒன்று போதும், ஒரு பக்கம் திறந்திருக்கட்டும்,
அழகான கையெழுத்தாகப் பார்.

நான் பொருளாளர்.
அழகு பார்க்கத் தெரியாது,
கூட்டிப் பார்க்கத் தெரியும்.

அலபாமா, ஹாலோவெல் கல்லூரி.
சலவை அறைக்கு மேலிருந்த மாடியில்
எட்டுக் கறுப்பினப் பெண்கள் தொடங்கிய சங்கம் இது.
மூன்று கிரேக்க எழுத்தைப்
பெயராகச் சூடிக்கொண்ட அன்று
மொத்த வரவு நான்கு டாலர் பத்து சென்ட்.
பற்று: மெழுகுவத்தி, மை, ஒரு பூட்டு.
எதைப் பூட்டினார்கள் என்று குறிப்பில் இல்லை.

தலைவி ஒட்டிலி மார்ச்பேங்ஸ்,
எல்லாப் படத்திலும் நடுவில் நிற்பவர்,
தொப்பியைக்கூட ஆணையிட்டு
உட்காரவைத்தவர் போல.
நூலகம் இல்லாத ஏழு ஊருக்குப்
புத்தக வண்டி அனுப்பினார்.
வாக்காளராகப் பதியப் போகிறவர்கள்
தேர்வில் தோற்கக் கூடாதென்று
அரசியல் சட்டத்தை இரவோடிரவாக
மனப்பாடம் செய்ய வைத்தார்.
இதெல்லாம் மேடையில் சொல்வார்கள்.
சொல்லட்டும், உண்மைதான்.

1931 அக்டோபர், கூட்டக் குறிப்பு:
"செல்வி ஐடெல்லா பிராட்னாக்ஸ், விண்ணப்பம்.
ஒத்திவைக்கப்பட்டது."
மதிப்பெண் பட்டியல் இணைப்பில் இருக்கிறது.
அவளைவிடக் கூடுதலாக எடுத்தவர்
அந்த ஆண்டு யாருமில்லை.
காரணம் எழுதவில்லை.
எழுத வேண்டியிராத காலம்.
மளிகைக் கடையின் பழுப்புக் காகிதப் பையைக்
கன்னத்தருகே பிடித்துப் பார்த்தால் போதும்.

வெளியே நிறம் பார்த்து எங்களை நிறுத்திய
வாசல்களுக்கெல்லாம் தேதி சொல்வோம்.
உள்ளே நாங்கள் வைத்த வாசலுக்கு
ஒரே ஒரு சொல்.
கீழே ஒட்டிலியின் கையொப்பம்,
சுழி பிசகாமல்.

1960. வேறு ஏடு, கணக்கேடு.
பிப்ரவரி: பூக்கள், ஐம்பது டாலர்.
பூக்கள், ஐம்பது.
மார்ச்: பூக்கள், முந்நூறு.
அந்தக் குளிரில் எங்களில் யாரும் சாகவில்லை,
யாருக்கும் கல்யாணமில்லை.
இத்தனை பூவை எங்கே வைத்தார்கள்?

வெள்ளையர் உணவகத்தில் போய் உட்கார்ந்ததற்காகக்
கைதான மாணவர்களின் பட்டியலைப்
பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
தேதிக்குத் தேதி ஒட்டியது.
ஜாமீன்.
வங்கியில் கேட்டால், ஷெரீஃப் கேட்டால்,
பூ.

வரவுப் பக்கம் புரட்டினேன்.
சந்தா, சந்தா, கேக் விற்ற காசு, சந்தா.
பிறகு ஒரு வரி:
"ஐ. பிராட்னாக்ஸ். உறுப்பினர் அல்லர்.
பூக்களுக்காக, பன்னிரண்டு டாலர், ரொக்கம்."
அடுத்த வெள்ளியும். அதற்கடுத்த வெள்ளியும்.
பதினோரு முறை.
பெற்றுக்கொண்டவர் ஒட்டிலி மார்ச்பேங்ஸ்.
மூன்றாவது வரியிலிருந்து
சுழி பிசகுகிறது.
வயதாக இருக்கலாம். குளிராக இருக்கலாம்.
ஊகத்தை நான் கூட்டலில் சேர்ப்பதில்லை.

அவரைச் சங்கத்தில் சேர்த்த தேதியைத் தேடினேன்,
இல்லை.
நன்றிக் கடிதத்தின் நகலைத் தேடினேன்,
இல்லை.
ஐந்தொகை மட்டும் ஆண்டுதோறும் சரியாக வந்திருக்கிறது,
நிலுவை ஏதுமில்லை என்ற முத்திரையோடு.

விழாக் குழுவில் சொன்னேன்:
இரண்டு ஏடு, இரண்டு பெட்டி, பக்கத்தில் பக்கத்தில்.
யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.
இன்றைய தலைவி தியோரா பெட்டிஃபோர்ட்
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
துடைத்ததையே மறுபடி துடைத்தார்.
"இரண்டாவது பெட்டிக்கு பட்ஜெட்டில் இடமில்லை."
பிறகு, யாரையும் பார்க்காமல்,
"பொருளாளர் அதை எப்படி எழுதுவார் என்று
நான் கேட்கப் போவதில்லை."

வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல்
கணினியைத் திறந்தேன்.
பற்று.
இருநூற்றுப் பதினெட்டு டாலர்.
விவரம்: பூக்கள்.