பதினொரு கிராம்

பல்சாப் பலகை கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வரும்,
யாரோ ஒருவரின் குடையோடு சேர்த்துக் கட்டி.
வந்து சேரும்போது பாதி முறிந்திருக்கும்.
மிச்சப் பாதியில் இறக்கை செய்தோம்.
வாலுக்கு எதுவும் மிஞ்சவில்லை.

மூன்று மில்லிமீற்றர் பிளைவூட் போடலாம் என்றான் ஜௌஸி.
கிண்ணியாவில் தோணி திருத்துகிறவன்.
எதையும் விரல்முட்டியால் தட்டி
ஓசை கேட்ட பிறகுதான் நம்புவான்.
"உறுதியா இரிக்கட்டும்."
உறுதியாய்த்தான் இருந்தது.

என்.சி. வீதியில் சிவகடாட்சம் பத்தரின் கடை.
தாலிக்கொடி நிறுக்கும் தராசில் வால்மடலை வைத்தேன்.
முப்பத்து நாலு கிராம்.
"நாலு பவுனுக்கும் மேலே, பிள்ளை" என்றார்,
வேறொன்றும் கேட்காமல்.

வாலில் ஒரு கிராம் கூடினால்
மூக்கில் மூன்று கிராம் வைக்கவேண்டும்.
வலை ஈயம் வாங்கினோம், உருண்டை உருண்டையாய்.
பறப்பதற்கென்று செய்ததற்குள்
மூழ்குவதற்கென்று வார்த்ததைத் திணித்தோம்.

நிலாவெளி உப்பளத்துக்குப் பின்னால் காய்ந்த தரவை.
கச்சான் விழுந்திருந்த பின்னேரம்.
எழும்பியது. திரும்பியது.
கொஞ்சம் வேகம் கொடுத்தேன்.
வால்மடல் என் விரலின் சொல்லைவிட்டுத்
தானாய் நடுங்கத் தொடங்கியது,
குலைப்பன் காய்ச்சல்காரனின் தாடைபோல.
சேர்வோவின் பல்லுகள் உதிர்ந்தன.
உப்புப் பாத்தியில் முகங்குப்புற.

"சத்தம் கேட்டிச்சா?" என்றான் ஜௌஸி, தண்ணீருக்குள் நின்று.
"வண்டு மாதிரி. பிறகுதான் விழுந்திச்சி."
அதற்குமேல் அவன் பிளைவூட்டைப் பற்றிப் பேசவில்லை.

கொட்பே துறைமுகத்தில் உடைந்த மீன்பெட்டி.
ரெஜிபோம். இலவசம்.
சூடேற்றிய கம்பியால் சீவினால்
ஆறு கிராம்; இரண்டு விரலால் பிடித்தால் வளைகிறது.
பட்டக் கடதாசியை நீர்த்த பைண்டர் பசையில் நனைத்து
இருபக்கமும் போர்த்தினேன்.
காய்ந்ததும் முறுகியது,
ஒன்பதுக்குக் கொஞ்சம் மேலே.
சூரைமீன் வாடை மட்டும் போகவில்லை.
பழைய சிம் அட்டையில் வெட்டிய கொம்பு.

பிணைச்சல்தான் மிச்சம்.
துணி ஈரம் குடிக்கும். நைலோன் கனம்.

எங்கள் எக்ஸ்ரே பகுதி கணினிக்கு மாறி ஏழு வருடம்.
அலுமாரியில் இன்னும் பழைய படங்கள்,
வெள்ளி எடுக்கிறவர்கள் வருவார்கள் என்று அடுக்கியபடி.
ஒன்றை உருவினேன். நெஞ்சுப் படம்.
பெயரையும் திகதியையும் முதலில் வெட்டி எரித்தேன்.
பிறகு நாலு கீலம், நகத்தளவு அகலம்.
ஆயிரம் முறை மடித்தாலும் முறியாது,
எடை என்று சொல்ல ஒன்றுமில்லை.

பத்தர் இம்முறை மின்விசிறியை நிறுத்தினார்.
நானும் அவரும் மூச்சடக்கி நின்றோம்.
பதினொன்று.
"மூக்குத்தி நிறுக்கிற மாதிரி இருக்கு" என்றார்.
காசு வாங்கவில்லை.

பறக்கவிட அனுமதி கேட்டிருந்தோம்.
சைனாபே பக்கம் திரும்பக்கூடாது,
இத்தனை அடிக்கு மேலே கூடாது,
இன்ன நாள், இன்ன நேரம்:
மூன்று பக்கம், மூன்று முத்திரை.
அதையும் தராசில் போட்டுப் பார்த்தேன்.
பதினைந்து கிராம்.
எங்கள் வாலைவிடக் கனம்.

தரவையில் மறுபடி.
ஏவுமுன் வாலை வெயிலுக்கு நேரே பிடித்தேன்.
கடதாசி ஆரஞ்சாய் எரிந்தது.
பிணைச்சலில், கறுப்புக்குள்,
வெளிறிய ஒரு வளைவு.
யாருடையதோ விலா.

அந்த ஆளிடம் நான்தான் சொல்லியிருப்பேன்,
எல்லோரிடமும் சொல்வதைப்போல:
மூச்சை நல்லா இழுங்கோ,
பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ.

ஜௌஸி காதைச் சரித்து நின்றான்.
வேகம் கூட்டினேன். இன்னும் கூட்டினேன்.
வண்டு இல்லை.
மேலே, விலா ஒரு மயிரளவு மடிந்தது,
நிமிர்ந்தது, மடிந்தது.

விடுங்கோ, என்றேன்
என்னை அறியாமல்.
"என்னத்த விட?" என்றான் ஜௌஸி.