மேல் வலது மூலை

வால்டிவியாவில் மழை நிற்பதில்லை,
சற்றே மூச்சு வாங்கிக்கொள்ளும்.
அந்த இடைவெளியில் படகுத்துறைக்கு ஓடி
ஆளுக்கொரு படம்.
நாளுக்கு ஒன்று, வருடம் முழுக்க.
அன்று எடுத்ததை அன்றிரவே காட்டிவிட வேண்டும்.
தவறினால் அபராதம் ஒரு கிலோ மட்டி.

மார்ச்சில் எர்மினியா இரண்டு கிலோ கட்டினாள்.
பிறகு ரொட்டிக்கடையில் மாவு பிசையும் தன் இடது கையை
ஒன்பது நாள் விடாமல் எடுத்தாள்.
சலித்துப்போயிருந்தோம்.
ஒன்பதாவது கையில்தான் கண்ணில் பட்டது:
மேசையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறாள்.
ஒவ்வொரு விரலுக்கும் ஒரு கரை,
வெளிச்சம் ஒதுங்கிய கரை.

நான் பல் செய்கிறவள்.
பீங்கானில் வெள்ளை பதினாறு வகை,
பிரித்துச் சொல்வதுதான் பிழைப்பு.
ஆனாலும் என் கேமரா
மீன்சந்தைப் பனிக்கட்டியை நீலமாக்கும்,
அதைத் திருத்தப் போனால் கடற்காகத்துக்கு மஞ்சள்காமாலை.
"சாம்பல் நிறம் ஒன்றைக் காட்டி
இதுதான் நடுநிலை என்று அதற்குப் புத்தி சொல்லு" என்கிறான் வாஸ்கோ.
சாம்பலுக்கா இந்த ஊரில் பஞ்சம்!

கிளோடோமிரோ பேருந்து ஓட்டுகிறவன்.
தீவுக்கும் நகரத்துக்கும் நடுவில்
ஒரே பாலத்தைத் தினம் இருபத்திரண்டு முறை கடப்பவன்.
அவன் படங்களில் மட்டும்
மேல் வலது மூலையில் ஒரு கரும்புள்ளி.
கடல்சிங்கம் கொட்டாவி விட்டாலும் மேலே அந்த மச்சம்,
ஆணிக்கடைப் பலகையிலும்,
நனைந்த நாயின் வாலுக்கு மேலும்.
எடுத்தவர் பெயரே வேண்டாம்.
"சென்சாரில் தூசு" என்றோம் ஜனவரியிலேயே.
"இருந்துவிட்டுப் போகட்டும்."

ஜூலையில் நூலகத் தாழ்வாரத்தில் படம் மாட்ட
இடம் தருவதாகச் சொன்னார்கள்.
பென்டிரைவை என் கையில் வைத்தான்:
"துடைத்துத் தா. கறை எடுப்பவள்தானே நீ."

இரவு. விறகடுப்பு. நூற்றுத் தொண்ணூற்று மூன்று படங்கள்.
பக்கத்து வானத்தில் ஒரு சிட்டிகை கிள்ளி
மச்சத்தின்மேல் வைத்து அழுத்த வேண்டும்.
இரண்டு நொடிக்கு ஒரு வானம்.
போகப்போக ஒன்று பிடிபட்டது:
லென்ஸின் கண்ணைச் சுருக்கிய நாளில் மச்சம் கறுக்கிறது,
விரித்த நாளில் மங்கிக் கலங்குகிறது.
கண்ணாடிபோல மெல்லியதுதான்,
அடியில் இருப்பது தெரியும்.

நூற்று நாற்பத்தேழாம் படத்தில்
புள்ளி இரண்டு.

ஒன்று தன் இடத்தில்.
மற்றது அரை நகம் தள்ளி, பாலத்தின் கைப்பிடியோரம்.
நானூறு விழுக்காடு பெரிதாக்கினேன்.
படிக்கட்டு படிக்கட்டாய் உடைந்து வந்தது
ஒரு குடை.
குடைக்குக் கீழே ஒரு கோட்டு.
முகம் என்று சொல்ல நான்கு சதுரங்கள்.

முந்தைய படத்துக்குப் போனேன்.
துடைத்திருந்தேன். பின்வாங்கினேன்.
மச்சத்துக்கு நேர் அடியில் குடை.
அதற்கு முந்தையதிலும்.
எல்லாம் காலை ஏழே முக்கால்,
எல்லாம் கடைசி நிறுத்தத்திலிருந்து.
குடை ஒரு நாள் முன்னே, ஒரு நாள் பின்னே நடக்க,
இவன் கேமராவை விரலளவு விரலளவாகத் திருப்பி
தூசுக்குள் அதைக் கொண்டுபோய் வைத்திருக்கிறான்.
ஒளித்து வைத்தானா,
குறித்து வைத்தானா?
நூற்று நாற்பத்தேழில் மட்டும் கை நடுங்கியிருக்கிறது,
அல்லது பேருந்து.

எத்தனை பேரை
வானமாக்கிவிட்டேன் என்று எண்ணினேன்.
இருபத்தாறு.
இருபத்தாறையும் திரும்ப வரவழைத்தேன்.

மறுநாள் அவன் பேருந்தில் ஏறிச் சொன்னேன்:
"கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அந்தத் தூசு போகவில்லை."
கியரை மாற்றினான்.
கண்ணாடியில் என்னைப் பார்த்தான்,
பிறகு சாலையை.
"ஆமாம், அது பழைய தூசு" என்றான்.

அன்றைய என் படம்:
பின் ஜன்னலில் ஆவி,
யாரோ விரலால் துடைத்த வட்டம்,
வட்டத்துக்குள் பாலம்.
இன்னும் நீலமாகத்தான் இருக்கிறது என்றான் வாஸ்கோ.
இருக்கட்டும்.